ஆணியின் இடமாற்றம்

அலுவலகத்தில் அவருக்கு ஆணி என்று பெயர். அடித்த இடத்தை விட்டு அசையாதவர். அந்தப் பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் பதவி உயர்வு என்றால் வேறு ஊருக்குப் போக வேண்டும். வந்த ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றார். அவரிடம் வேலை கற்ற பெண்ணே இப்போது கிளை மேலாளர்.

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்வையிடுவது அவர் வேலை. நசுங்கல் பழையது என்று துரு காட்டிக்கொடுத்தால் பணம் கிடையாது. வண்டிக்காரர் திட்டுவார். "மேலிடத்து விதி" என்று இவர் கையை விரித்துவிடுவார். பெரிய இடத்தில் வேலை பார்ப்பதில் அது ஒரு வசதி. விதி தன் பக்கம் திரும்பும்வரை அந்த வசதியை யாரும் சந்தேகிப்பதில்லை.

அவர் அசையாததற்குக் காரணம் மனைவி. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். பிள்ளைகள் இல்லை, அழைத்துப் போவது இவர்தான். செலவு முழுவதையும் நிறுவனம் ஏற்றுக்கொண்டிருந்தது.

இந்த முறை வந்தது இடமாற்ற உத்தரவு, மறுக்க வழியில்லை. போகும் ஊரில் டயாலிசிஸ் வசதி இல்லை. வேலையை விட்டால் சிகிச்சை நின்றுவிடும்.

மேலாளர் கதவைச் சாத்திவிட்டு, "மேல பேசிப் பாத்துட்டேன் சார். அங்க யாருக்கும் உங்க முகம் தெரியாது, நம்பர்தான் தெரியும்" என்றாள்.

"ராஜினாமா பண்ணிடலாம்னு இருக்கேம்மா."

"பண்ணிட்டு அக்காவ எப்படிக் காப்பாத்துவீங்க?"

அவர் உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

வீட்டில் மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "பக்கத்துல உக்காந்து என்ன பண்றீங்க? குறட்டை விடுறீங்க. நர்ஸுங்க சிரிக்கிறாங்க. கெளம்புங்க."

கழுவிய தட்டையே அவள் மறுபடி கழுவுவதை அவர் பார்த்தார்.

புது ஊருக்குப் போனபின் வந்த முதல் சிகிச்சை நாளில் அவருக்கு வேலை ஓடவில்லை. மாலையில் போன் செய்தார்.

"தனியாவா போன?"

"உங்களுக்கு ஆணின்னு பேர் வச்ச கேஷியர் வந்தாரு. கார்ல பாட்டு போட்டாரு, காதுல வாங்க முடியல. அடுத்த தடவ உங்க மேனேஜரே வருவாளாம். முறை வச்சிருக்காங்க."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லலையாம். அவ அப்பாவக் கண் ஆபரேஷனுக்கு நீங்க கூட்டிட்டுப் போனீங்களாமே, எங்கிட்ட மூச்சு விடல?"

"அவ அப்ப வெளியூர்ல இருந்தா" என்றார்.

இதை அன்பு என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. நாளை தம் வீட்டுக்கும் இந்த நிலை வரலாம் என்று அறிந்தவர்கள் இன்று ஆளுக்குக் கொஞ்சம் சுமக்கிறார்கள். காப்பீடு என்பதும் அதுதான். நிறுவனம் அளவில் பெருத்தபோது அதை மறந்துவிட்டது, ஊழியர்கள் மறக்கவில்லை.

அந்த வாரமே புதுக் கிளையின் எழுத்தர் அவர் மேசைக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"சார், உங்களுக்கு முன்னாடி இருந்தவருக்கும் மாத்தல்தான். அவரோட அம்மா இங்கயே இருக்காங்க. கால் முறிஞ்சு, ஆஸ்பத்திரில பயிற்சி குடுக்கறாங்க. நாளைக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இல்ல."

"எனக்கு ஊர்ல வழி தெரியாதே."

"அந்தம்மா சொல்லுவாங்க. கால்தான் போச்சு, வாய் நல்லாத்தான் இருக்கு."

மறுநாள் காலை அவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். ஊன்றுகோலோடு வந்து திறந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ யாருப்பா?"

"உங்க பையன் சீட்டுல உக்காந்திருக்கேம்மா."

"அப்ப கையக் குடு" என்றாள். "படி உயரம்."