தைப்பூசத்தன்று கொம்புக் கிண்ணம்

எண்பதுகளின் நடுவில், பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பலில் மேம்பால மெட்ரோவின் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவினேன். முதலாளி கம்போடியாவிலிருந்து தப்பி வந்த சீனர். கடைக்கு மேலே இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. கொழும்பில் காத்திருந்த மனைவியையும் மகளையும் கூப்பிட எனக்கு ஒரு வீடு வேண்டும். புறநகரான சார்செலில் பல பேரோடு ஒரே அறையில் படுத்துக்கொண்டு அவர்களை எப்படிக் கூப்பிடுவது? மேல் அறைகளைக் கேட்டிருந்தேன். "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். முருகனிடமும் அதையேதான் தினமும் கேட்டேன்.

அந்த வருடம் தைப்பூசமும் அவர்களுடைய புதுவருடக் கொண்டாட்டத்தின் கடைசி நாளும் ஒரே பௌர்ணமியில் வந்தன. நான் விரதம். மத்தியானச் சாப்பாட்டுக்கூட்டம் போனபின் முதலாளி சமையலறையில் நின்ற எங்களை முன்னுக்குக் கூப்பிட்டு, பட்டுத்துணியில் சுற்றியிருந்த கிண்ணம் ஒன்றை மேசையில் வைத்தார். காண்டாமிருகக் கொம்பாம். கருந்தேன் நிறம், வாய் அகலம், அடி ஒடுக்கம். சுற்றிவர அலைகள். அலைகளின் மேல் குடைந்த மரக்கட்டையில் ஒரு கிழவர் கோலோடு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பழனி ஆண்டவருக்கு வயதாகிவிட்டதுபோல் இருந்தது. ஆறு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கப் புறப்பட்டவர் அவர் என்றும், அந்த ஆறு அவரை வானம்வரை கொண்டுபோய் நட்சத்திரங்களுக்குள் விட்டது என்றும் முதலாளி சொன்னார். அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் ஒரே அளவுதான்; ஆனாலும் கதை விளங்கியது.

பிறகு கிண்ணத்தில் அரிசி மது ஊற்றி என்னிடம் நீட்டினார். தன் வீட்டு ஆள் என்று நினைப்பவருக்குத்தான் அதில் கொடுப்பாராம்.

காய்கறி வெட்டும் என் கூட்டாளி பக்கத்தில் நின்றான். "மச்சான், உள்ளுக்கை இருக்கிறது சாராயமெல்லே?" என்று மெல்லக் கேட்டேன்.

"அரிசிதானே. பொங்கலும் அரிசிதான். கொம்பும் சைவம், அந்த மிருகம் புல்லுத்தான் திண்டது."

"விசர்க் கதை கதையாதை. நான் பூச விரதம்."

"அப்ப மேல் அறையை மறந்துபோடு. முருகனிட்டை வேறை அறை இருக்கோ எண்டு கேள்."

கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினேன். குடிக்காமல் மேசையில் வைத்தேன். முதலாளியின் முகம் இறுகிவிட்டது.

"விஷம் என்று நினைக்கிறாயா? விஷம் இருந்தால் இந்தக் கொம்பில் நுரைக்கும். பார், நுரை இருக்கிறதா?"

"இன்றைக்கு என் கடவுளின் நாள். மனைவி பிள்ளைக்காக நேர்த்தி. குடிக்க முடியாது" என்று தெரிந்த சொற்களை வைத்துச் சொல்லி முடித்தேன்.

கல்லாவில் இருந்த அவருடைய மனைவி சீனத்தில் ஏதோ சொன்னார். முதலாளி தலையைச் சொறிந்தார். இந்தக் கிண்ணம் தெய்வத்துக்கும் முன்னோருக்கும் ஊற்றச் செய்தது, அதில் குடிக்கப் பழகியவர் அவர்தான் என்று மனைவி சொல்வதாக எனக்குச் சொன்னார். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், வாசலில் ஆரஞ்சுப் பழம் தொங்கிய சின்னத் தோடை மரத்தின் சாடிக்குள் குனிந்து மதுவை ஊற்றினார்.

"உன் கடவுள் என்ன குடிப்பார்?"

"பால்."

அந்த அம்மா கிண்ணத்தைக் கழுவி, கோப்பிக்கு வைத்திருந்த பாலை ஊற்றித் தந்தார். "முருகா" என்று நானும் சாடிக்குள் ஊற்றினேன். கடைசிப் பால் வழிந்து, கிழவரின் கட்டைக்குக் கீழே அலைகளில் வெள்ளையாக நின்றது.

"சாராயத்துக்கு மேலை பால். உந்த மரம் நாளைக்கு எழும்பாது" என்றான் கூட்டாளி.

முதலாளி கிண்ணத்தைத் துடைத்தபடியே, என்னைப் பார்க்காமல், "மகளுக்கு என்ன வயது?" என்று கேட்டார்.

"நாலு."

"மேலே ஜன்னல் சரியாகப் பூட்டாது. அவள் வருவதற்குள் சரிபண்ணு. குளிர் உள்ளே வரும்."

அன்று பின்னேரம் மேலே போய், அந்த ஜன்னலைச் சாணால் அளந்துகொண்டுதான் ரயில் பிடித்தேன்.