மெமரி நிரம்பியிருந்த நாள்

எண்பதுகளின் கடைசியில், அடையாறில் நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் அவர் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஒல்லியான சாந்தோம்காரர். இயந்திரத்தை அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

தம்பி இறந்த பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். மனசில் எதுவும் உறைக்கவில்லை. மெமரி முழுக்க நிரம்பிவிட்டதாகத் திரை காட்டியது. என் புரோகிராமுக்கு இடம் வேண்டுமென்று, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இன்னொருவரின் புரோகிராமை நிறுத்தச் சொன்னேன் அவரிடம்.

"இன்னாத்துக்கு மேடம்? மூணு நாள் கணக்கு பாழாப் பூடும். ரொம்பி கீறதுல பாதி, டிஸ்க்லேர்ந்து படிச்ச பழசு. மறுபடி யாராச்சும் கேப்பாங்கன்னு மிசினு வெச்சிக்கினு கீது. நீங்க எடம் கேட்டா வுட்டுடும்."

என் புரோகிராமை ஓட்டினார். ஓடியது.

"சாப்டீங்களா?" என்றார்.

சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போனார்.

தம்பி விஷயம் அவருக்குத் தெரியுமா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.