பின் சக்கரத்தடியில் சிவப்பு எண்ணெய்

எங்கள் காருக்குத் தாகம் அடங்கவில்லை என்று அப்பா நம்ப ஆரம்பித்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். தண்ணீர்த் தாகம் இல்லை, ஸ்டியரிங் ஆயில் தாகம். எங்கே போய் வந்தாலும், "கெட்டியா இருக்குது, திருப்பவே முடியல" என்று முனகிக்கொண்டே இறங்கி பானெட்டைத் தூக்கிவிடுவார்.

அப்பா பல வருஷம் வடக்கே லாரி ஓட்டியவர். ஒரு நாள் அதை விட்டுவிட்டுச் சேந்தமங்கலத்துக்கே வந்து, டயர் கடை வைத்து, ஒரு பழைய காரையும் வாங்கிவிட்டார். லாரியை ஏன் விட்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா தினமும் வீட்டில் இருக்கிறாரே, அது போதாதா?

ஆயில் பார்ப்பது எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. முதலில் என்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடிக்க வேண்டும். அது என் வேலை. சீட்டு நுனியில் உட்கார்ந்துகொண்டு ராணி மாதிரி ஒடிப்பேன். எனக்கென்னவோ அது கெட்டியாகவே தெரியாது. பிறகு என்ஜினை அணைத்துவிட்டு, முன்னால் இருக்கும் ஆயில் டப்பாவின் மூடியை அப்பா திருகி எடுப்பார். மூடியோடு ஒட்டிய குச்சியைப் பழைய வேட்டித் துணியால் துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் பார்ப்பார். மேல்கோடு வரைக்கும் சிவப்பாக நனைந்திருக்கும். இருந்தாலும் கொஞ்சம் ஊற்றுவார். லாரிக்காரர்களுக்கு விளிம்பு வரை நிறையாத எதைக் கண்டாலும் மனசு ஆறாது. ஒருமுறை ததும்பி வழிந்து, சூட்டில் பட்டுப் புகைந்து, தெருவே கூடிவிட்டது.

நாமக்கல்லில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவர் ஒரே விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றிக் காட்டி, "வெண்ணெயாட்டம் இருக்குதுங்ணா" என்றார். அப்பா ஊர் வந்து சேரும் வரைக்கும் அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தார்.

அந்த நாட்களில் அப்பாவின் சட்டைக்கு அம்மாதான் பொத்தான் போட்டுவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் சீருடைக்கு நானே போட்டுக்கொள்ள வேண்டுமாம், இவருக்கு மட்டும் என்ன செல்லம்! டீ டம்ளரைக்கூட அப்பா இடது கையில்தான் பிடிப்பார். அதையும் ஒரு ஸ்டைல் என்று நினைத்து நானும் இடது கையில் பிடித்துக் குடித்து, அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினேன்.

அப்போதுதான் தம்பிக்குக் கொல்லிமலைக் கோயிலில் மொட்டை போட நாள் குறித்தார்கள். நம் வண்டியில்தான் போகிறோம் என்று அப்பா சொல்லிவிட்டார். பஸ்ஸில் போய்விடலாமே என்று அம்மா மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"டிரைவர் ஊட்டுப் புள்ளைக்கு மொட்டை போட பஸ்ல போறதா? ஊரே சிரிக்கும்."

மலையடிவாரத்தில் காரவள்ளி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும். ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, அதே வேகத்தில் திருப்பி எடுக்க வேண்டும். கொஞ்சம் தவறினால் பள்ளம்தான். சாப்பிடும்போது அம்மா ஒருமுறை, "ஏனுங்க, உங்க கை..." என்று ஆரம்பித்தாள். அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். குழம்பில் உப்பு இல்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கிளம்புகிற நாள் விடிகாலையில் விழிப்புத் தட்டியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், அம்மா ஆயில் கேனோடு காருக்குப் பின்னால் குந்தியிருந்தாள். காரின் மூக்கு தெருப்பக்கம். தெருவில் பெண்கள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல் இந்தப் பக்கம் குந்தி, பின் சக்கரத்தடியில் சிவப்பு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அம்மாவுக்குக் கார் என்றால் ஏறி உட்காரும் இடம், அவ்வளவுதான். எந்த எண்ணெய் எங்கே இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும்? அப்பாவுக்கு ஒத்தாசை செய்யப் போய்க் கீழே கொட்டிவிட்டாள், பாவம் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

எல்லோரும் குளித்துத் தயாரானதும் அம்மா வாசலில் நின்று கூவினாள்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க! ஆயிலு ஒழுகிக் கெடக்குது!"

அம்மாவுக்கு நடிக்கவே வராது. பள்ளி ஆண்டு விழாவில் வசனம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. அவள் திட்டு வாங்கக் கூடாதே என்று நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அப்பா வந்து குந்தினார். இடது கை விரலால் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்து முகர்ந்தார். பின் சக்கரத்தைப் பார்த்தார், முன் சக்கரத்தைப் பார்த்தார். அப்புறம் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டும் மாமா, அம்மாவின் தம்பி, மொட்டைக்காக முதல் நாளே வந்திருந்தார். அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங் மச்சான், டப்பா முன்னாலதானுங்க இருக்குது? ஆயிலு பின்னால கெடக்குது?"

"வாசலு சாஞ்சு கெடக்குதல்ல? ஓடி வந்திருக்கும்."

எங்கள் வாசல் தெருவைப் பார்த்துத்தான் சாயும். முன்னால் இருக்கும் எண்ணெய் பின்னால் வர வேண்டுமென்றால் மேடேறித்தான் வர வேண்டும். மாமா வாசலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டார். லாரிக்காரர் சொன்னால் தறிக்காரர் என்ன எதிர்த்துப் பேசுவது?

"பம்புல லீக்கு. இத நம்பி மலையேற முடியாது. பஸ்ஸுக்கே போயிரலாம்" என்றார் அப்பா. எழுந்து, கார் சாவியை அம்மாவிடம் நீட்டினார். "இனி இது உன்ற கிட்டயே இருக்கட்டும். கீழ கொஞ்சம் மண்ணப் போட்டு மூடு, புள்ளைங்க வழுக்கி உழுந்துரும்." சொல்லிவிட்டுத் தம்பியை இடது தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அம்மா முறத்தில் மண் அள்ளி வந்து கொட்டினாள். கொட்டக் கொட்ட அழுதாள். பட்டுச் சேலைத் தலைப்பெல்லாம் நனைந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய், "அழுவாதம்மா, மெக்கானிக்கு சரி பண்ணிருவாரு" என்றேன். அவள் என்னை இழுத்து இறுக்கிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள். ஒரு பழைய காருக்குப் போய் இப்படியா அழுவார்கள் என்று எனக்கு அவள் மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.