ஒரே மேசை, இரண்டு வாபஸ் கடிதங்கள்

எங்கள் தொகுதியில் எதிர்க்கட்சிகள் மூன்று. மூன்றுக்கும் எதிரி ஒருவர்தான். ஆனால் மூன்றும் ஒன்றையொன்று கண்காணித்த அளவுக்கு அந்த எதிரியைக் கண்காணித்ததில்லை. போன சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் இதை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். வேலை நாவலூரில், வீடு திருக்கழுக்குன்றத்தில். பைக்கில் போகும்போதும் இதே நினைப்பு, வரும்போதும் இதே நினைப்பு. சனி ஞாயிறு வந்தால் யாரையாவது டீக்கடையில் மடக்கி, பழைய தேர்தல் முடிவுகளை லேப்டாப்பில் வண்ணம் போட்டுக் காட்டுவேன். சேர்ந்தால் ஜெயிக்கிறோம், பிரிந்தால் டெபாசிட்டே சந்தேகம். இவ்வளவு தெளிவான விஷயம் ஏன் யாருக்கும் உறைக்கவில்லை என்று எனக்கு உடம்பெல்லாம் பரபரக்கும். கேட்டவர்கள் பெருமூச்சு விட்டு, "தம்பி நல்லாப் பேசுறாப்ல" என்பார்கள். அதோடு சரி.

என் சித்தப்பா அந்த மூன்றில் ஒரு சின்னக் கட்சியின் வேட்பாளர். சின்னக் கட்சி என்பதால் மனுவில் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். முதல் கையெழுத்து என்னுடையது. இன்னொரு சின்னக் கட்சியின் மனுவில் முதல் கையெழுத்து என் கல்லூரிக் கூட்டாளியுடையது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம் அவனுக்கு. பக்கத்து ரிசார்ட்டில் வரவேற்பில் வேலை. நாங்கள் படித்த காலத்தில் அவன் வீட்டுக்கு முன்னால் இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. இப்போது அவன் வீடுதான் முதல் வரிசை. மற்றதெல்லாம் கடலுக்குள். அலையைத் தடுக்கக் கல் கொட்டி தூண்டில் வளைவு கட்டித்தாருங்கள் என்று குப்பம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர் வந்து பார்த்து, போட்டோ எடுத்து, போய்விட்டார். மூன்று எதிர்க்கட்சிகளுமே கட்டித்தருகிறோம் என்றன.

"எவன் கட்டினா இன்னா மச்சான். கட்டணும், அவ்ளோதான்" என்பான் அவன். எனக்கு ஒற்றுமை என்பது கொள்கை. அவனுக்கு அது வீட்டு வாசல்.

மனு தாக்கல் முடிந்த பிறகுதான் மூன்று கட்சிக்கும் பயம் வந்தது. மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து பேசினார்கள். நானும் அவனும் கடைசி வரிசையில் இருந்தோம். முதல் ஒரு மணி நேரம் பேனர் பற்றியே பேச்சு. மூன்று தலைவர்கள் படத்தில் நடுவில் யார்? வரிசை வேண்டாம், வட்டமாகப் போட்டுவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு நிமிடம் கழித்து முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வட்டத்துல மேல யாரு வரா?"

என் கூட்டாளி என் காதில், "எங்க வூட்டுக் கூரை மேல காக்காங்களுக்குக்கூட இவ்ளோ தகராறு கெடையாது" என்றான்.

கடைசியில் ஒரு முடிவு வந்தது. பெரிய கட்சி நிற்கட்டும், சின்னக் கட்சிகள் இரண்டும் வாபஸ் வாங்கட்டும். அடுத்த கேள்வி, முதலில் வாங்குவது யார்? போன முறை நாங்கள் வாபஸ் வாங்கியதும் நீங்கள் கைவிரித்தீர்கள் என்றார் சித்தப்பா. அதற்கு முந்தின முறை யார் கைவிரித்தது என்று அந்தப் பக்கம் கேட்டது. மின்விசிறிச் சத்தத்தையும் மீறி இரண்டு பக்கமும் பழையதைக் கிளறின. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"ஒரே நேரத்துல வாங்கினா பிரச்சினையே இல்லையே. முன்மொழிஞ்சவங்க கொடுக்கலாம்னு சட்டத்துல இருக்கு. வேட்பாளர் எழுதிக் கொடுத்தா போதும். நாங்க ரெண்டு பேரும் கூட்டாளிங்க. நாங்க சேர்ந்து போறோம்."

மண்டபம் கைதட்டியது. இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருந்தால் அது எங்கள் நட்பு மட்டும்தான் என்று யாரோ பேசினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மதியம் செங்கல்பட்டு. அலுவலக வாசலில் போலீஸ் தடுப்பு. மூன்று மணிக்குள் கொடுக்க வேண்டும். இரண்டரைக்கே உள்ளே போய்விட்டோம். இருவர் கையிலும் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் வாபஸ் கடிதமும் அதிகாரக் கடிதமும். தாழ்வாரத்தின் முடிவில் தேர்தல் அதிகாரியின் அறை. கதவில் ஒரு ஊழியர் நின்று, "ஒவ்வொருத்தரா" என்றார்.

இருவரும் எட்டிப் பார்த்தோம். உள்ளே ஒரே மேசை. அதற்கு முன்னால் ஒரே நாற்காலி. ஒரு பதிவேடு. கையெழுத்துப் போட ஒரு வரி, அதற்குக் கீழே அடுத்த வரி. ஒரே நேரத்தில் என்று அத்தனை பேர் சேர்ந்து முடிவெடுத்தோமே, கையெழுத்து ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் விழும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. யோசனை சொன்ன எனக்கே தோன்றவில்லை.

"சார், ரெண்டு பேரும் சேர்ந்து வரலாமா?" என்றேன்.

"கல்யாணமா பண்றீங்க?" என்றார் ஊழியர்.

அவன் சிரித்துவிட்டான். "வுடு மச்சான். நான் போறேன். நீ பின்னாடியே வா." கொஞ்சமும் யோசிக்கவில்லை. காலரைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனான், உட்கார்ந்தான், கையெழுத்துப் போட்டான், ரசீது வாங்கினான். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வெளியே வந்து ரசீதை என் முகத்துக்கு நேரே விசிறிபோல ஆட்டினான்.

அப்போது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சித்தப்பா.

"அந்தப் பையன் குடுத்துட்டானா?"

"குடுத்துட்டான்."

அவருக்குப் பின்னால் யார் யாரோ பேசும் சத்தம் கேட்டது.

"அப்ப நீ குடுக்காத."

"சித்தப்பா, பேசினது..."

"பேசினதெல்லாம் சரி. இப்ப நெலமை வேற. அவங்க ஓட்டு எங்க போகும்? பெரிய கட்சிக்குப் போகுமா? பத்து வருஷமா அவனுங்க கூடத்தான் அவங்களுக்கு அடிதடி. நமக்குத்தாண்டா வரும். உன் லேப்டாப்புல போட்டுப் பாரு."

இதுவரை இதை யார் கேட்டாலும், சித்தப்பா சொன்னார், நின்றுவிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை. லேப்டாப் தேவைப்படவில்லை. அந்தப் பட்டியல் மொத்தமும் என் தலையில் இருந்தது. குப்பங்களின் ஓட்டை எங்கள் பக்கம் நகர்த்திப் பார்த்தேன். ஏரிப் பக்கத்து ஊர்களை அப்படியே விட்டேன். முதல்முறையாக எங்கள் நிறம் மேலே ஏறியது. சித்தப்பா ஜெயித்தால்? ஜெயித்தால் நாங்களே கட்டித்தரலாமே, தூண்டில் வளைவை. அவனுக்கும் நல்லதுதானே. இத்தனை மாதமாக நான் யாரைத் திட்டிக்கொண்டு திரிந்தேனோ அவர்கள் எல்லோரும் இப்படித்தான் யோசித்திருப்பார்கள்.

"இன்னாவாம்?" என்றான் அவன்.

"ஒரு நிமிஷம். சித்தப்பா கூப்பிடுறாரு. சிக்னல் இல்ல. வெளிய போய்ப் பேசிட்டு வந்துடறேன்."

சிக்னல் இருந்தது. அவன் என் உறையைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டே முக்கால். "சீக்கிரம் வா. நான் இங்கியே கீறேன்" என்றான்.

தடுப்பைத் தாண்டி வெளியே வந்து புங்கமரத்தடியில் நின்றேன். போனை எடுக்கவே இல்லை. உள்ளே போக வேண்டும் என்று இரண்டு முறை காலை எடுத்தேன். இரண்டு முறையும் வண்டிச் சாவியைப் பையில் தேடுவது போல நின்றுகொண்டேன். அரசு பஸ் ஒன்று ஆளை ஏற்றிக்கொண்டு போனது. இளநீர் வெட்டுகிறவரிடம் போய், குடிக்கத் தோன்றாமலே ஒரு இளநீர் சொன்னேன். குடித்து முடிப்பதற்குள் போலீஸ்காரர் தடுப்பை இழுத்து மூடிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவன் வெளியே வந்தான். என்னைப் பார்த்தான். கேட்பான் என்று நினைத்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். காலையில் என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவன், ரோட்டைத் தாண்டி, மாமல்லபுரம் பஸ்ஸுக்கு நின்றான்.

முடிவுகளை இங்கே எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்த கதைதான். சித்தப்பா மூன்றாவது. பெரிய கட்சி இரண்டாவது. இரண்டு பேர் ஓட்டையும் கூட்டினால் ஜெயித்தவரைவிட அதிகம். பெரிய கட்சிக்காரர்கள் எங்களைத் துரோகி என்றார்கள். நாங்கள் அவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்றோம். குப்பத்து ஓட்டு எங்களுக்கு வரவே இல்லை. ஏன் வரும்? அவன் அன்றைக்கே ஊருக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருப்பான்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவர்கள் வரிசையில் இரண்டு வீடு போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். அவனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அப்புறம் அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே போய்விட்டேன்.

வீட்டுப் பின்சுவருக்கு வெளியே டெம்போ நின்றது. முன்வாசல் படி இல்லை. படி இருந்த இடத்தில் தண்ணீர் வந்து வந்து போனது. அவன் அம்மா கேஸ் அடுப்பைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "சாப்டியாப்பா?" என்றார். மாமல்லபுரத்துக்குள் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறார்களாம்.

அவன் இரும்பு பீரோவை நடு அறையிலிருந்து தனியாக நகர்த்திக்கொண்டிருந்தான். சட்டை முழுக்க வேர்வை. நான் வாசலில் நிற்பதைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"மச்சான், அன்னிக்கு..."

"புடி" என்றான்.

ஒரு முனையைப் பிடித்தேன். பின்வாசல் குறுகல். பீரோ நீளவாக்கில்தான் போகும், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். நான் பின்பக்கத்தில் இருந்தேன். அவன் பீரோவைக் கீழே வைத்தான்.

"நீ முன்னாடி வா."

"பரவால்ல, நான் பின்னாடி புடிச்சிக்கிறேன்."

"வேணாம். உன்னப் பின்னாடி வுட்டா நான் திரும்பித் திரும்பிப் பாக்கணும். கழுத்து வலிக்குது."

அவன் அம்மா சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. நான் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனேன். அவனைப் பார்த்தபடி பின்னோக்கியே நடக்க வேண்டும், வாசல்படி எங்கே என்று தெரியாது. அவன்தான் சொல்லிக்கொண்டு வந்தான். இன்னும் ஒரு அடி. காலத் தூக்கு. இப்ப எறங்கு. அவன் சொன்ன இடத்தில் எல்லாம் காலை வைத்தேன்.