அணி இல்லாத கோச்

டெலோரிஸ் ஃபேசனை ஊரே "கோச்" என்றுதான் கூப்பிடும். அவர் வேலை பார்க்கிற பள்ளியிலோ பெயருக்குக்கூட ஒரு விளையாட்டு அணி கிடையாது. கல்லூரி வளாகத்துக்குள்ளேயே நடக்கிற பள்ளி அது. ஒன்பதாம் வகுப்பில் சேருகிற பிள்ளை ஐந்தே வருடத்தில் பள்ளிச் சான்றிதழையும் ஒரு கல்லூரிப் பட்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வெளியேறும். அப்படிப்பட்ட இடத்தில் ஓடவும் குனியவும் யாருக்கு நேரம்?

முன்பு பெரிய பள்ளியில் இருபத்திரண்டு வருடம் பெண்கள் கூடைப்பந்து அணியைக் கட்டி மேய்த்தவர். இடது முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியதும் இங்கே வந்துவிட்டார். இங்கே உடற்பயிற்சிக் கூடம் இல்லை. வண்டி நிறுத்துகிற இடத்தின் கோடிதான் மைதானம். மழை பெய்தால் வகுப்பில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, உறக்கம், சாப்பாடு, ரத்த அழுத்தம் என்று பாடம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் யாராவது ஒருவர் வம்புக்கு இழுப்பார்.

"என்ன கோச், இந்த வருஷம் எத்தனை கோப்பை?"

"கோப்பையை விடுங்க. எத்தனை முதுகு நிமிந்திருக்குன்னு கேளுங்க, சொல்றேன்."

வாய்க்குக் குறைச்சல் இல்லை. ஆனாலும் வீட்டுக்குப் போகிற வழியில் அந்தக் கேள்வி கொஞ்சம் குத்தத்தான் செய்யும்.

ஏப்ரல் மாதம் முதல்வர் ஸ்ட்ரிக்லண்ட் ஒரு காகிதத்தோடு அவரைத் தேடி வந்தார். ஐந்தாம் வருட மாணவி யெசேனியா பராஹோனாவின் பாட, மதிப்பெண் கணக்கு அது. ஹோண்டுராஸிலிருந்து வந்த குடும்பம். கல்லூரிப் பாடம் அத்தனையும் மே மாதத்தோடு முடிகிறது, நர்சிங் படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்றுதான்: ஒன்பதாம் வகுப்பு உடற்கல்வி. மே கடைசிக்குள் அது முடியாவிட்டால் பள்ளிச் சான்றிதழ் இல்லை. அது இல்லாவிட்டால் நர்சிங் இடமும் இல்லை.

இந்தப் பள்ளிகளுக்கென்றே உள்ள தவறு இது. ஒன்பதாம் வகுப்பில் கல்லூரிக் கணக்குப் பாடமும் உடற்கல்வியும் ஒரே மணியில் வந்தன. "போ கண்ணு, கணக்குதான் முக்கியம். இத அப்புறம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவைத்தது வேறு யாருமில்லை, டெலோரிஸேதான். பிறகு அவள் கல்லூரியில் ஒரு நடைப்பயிற்சி வகுப்பு எடுத்தாள். அதுவே போதும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது கல்லூரிக் கணக்கில் சேர்ந்ததே தவிர, பள்ளிக் கணக்கில் சேரவில்லை.

"ஒரு மார்க்கப் போட்டு விடுங்க டெலோரிஸ். ஓட்டம்தானே! யாரு கேக்கப் போறா?" என்றார் முதல்வர்.

அந்த "ஓட்டம்தானே"தான் டெலோரிஸைச் சுட்டது.

"கணக்குப் பாடத்த முடிக்காம இருந்திருந்தா இப்படிச் சொல்வீங்களா சார்? செய்யாத வேலைக்கு நான் மார்க் போட மாட்டேன். நான் பண்ணின தப்பு, நானே முடிச்சு வைக்கிறேன்."

காலை ஆறரைக்கு, கல்லூரி வகுப்புகள் தொடங்குமுன், யெசேனியா ஒருத்திக்கு மட்டும் வகுப்பு என்று முடிவாயிற்று. முதல் நாள் அவள் தரையில் வைத்த பிளாஸ்டிக் கூம்புகளைச் சுற்றி இரண்டு முறை ஓடிவிட்டு, முழங்காலில் கையூன்றி நின்றாள். இரண்டாம் நாள் நின்றபடியே கண் சொருகினாள். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் வரவேயில்லை. கூப்பிட்டுக் கேட்டால், "வேலை இருந்துச்சு கோச்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

டெலோரிஸுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. அவள் அம்மாவையே பார்த்துக் கேட்டுவிடலாம் என்று, அம்மா வேலை செய்கிற சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கொட்டகைக்கு அன்று சாயங்காலமே போனார்.

அம்மாவும் மகளும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். தொட்டியில் கழுவிய கிழங்கு, நகர்கிற ரப்பர் பட்டையில் ஓடி வந்தது. சொத்தையைத் தள்ளி, நல்லதைப் பெட்டியில் அடுக்கி, நாற்பது பவுண்டுப் பெட்டியைத் தூக்கித் திரும்பி வைக்க வேண்டும். யெசேனியா ஒவ்வொரு முறையும் இடுப்பை வளைத்து, முதுகாலேயே தூக்கினாள். கல்லூரி முடிந்து நாலு மணிக்கு வந்தால் ராத்திரி பதினொன்று வரை அவளுக்கு இதுதான். டெலோரிஸ் பத்துப் பெட்டி வரை எண்ணினார், அப்புறம் எண்ண மனம் வரவில்லை. இந்தப் பெண்ணையா காலையில் கூம்பைச் சுற்றி ஓடச் சொன்னோம் என்று கூனிக் குறுகிப் போனார். ஒன்றும் கேட்காமலே வண்டியைத் திருப்பினார்.

வீட்டில் பாடத்திட்டத்தை எடுத்து வரிவரியாகப் படித்தார். தன் உடம்புக்கு ஒரு திட்டம் எழுத வேண்டும், அதைச் செய்ய வேண்டும், அளந்து குறிக்க வேண்டும், பிறருக்கும் காட்டித் தர வேண்டும். இவ்வளவுதான் இருந்தது. கூம்பு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் கூம்புகள் வண்டியின் பின்பக்கத்திலேயே கிடந்தன.

"கொட்டகைக்கு வந்தேன் கண்ணு. பாத்தேன்."

யெசேனியாவின் முகம் சிவந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க கோச்."

"சொல்ல மாட்டேன். ஆனா இப்படியே தூக்குனீன்னா, நர்சாகி நோயாளியத் தூக்கறதுக்குள்ள நீயே படுத்துருவ. பெட்டியக் கிட்ட இழு. முட்டிய மடக்கு. மூச்ச விட்டுக்கிட்டே எழு. ம்... இன்னொரு தடவை."

ஐந்து வாரம் இதுவே பாடமானது. வாரத்தில் மூன்று காலைகள்தான் வகுப்பு. மற்ற இரண்டில் தூங்கியே ஆக வேண்டும், தூங்கிய நேரத்தை எழுதிக் காட்ட வேண்டும். நாடி பார்த்தாள், இடுப்பைத் தளர்த்தும் அசைவுகளைக் கற்றாள், எல்லாவற்றையும் கொட்டகையில் செய்து குறித்துக்கொண்டு வந்தாள். கடைசித் தேர்வு, பிறருக்குக் காட்டித் தருவது. எங்கே என்று டெலோரிஸ் கேட்டபோது அவளாகவே, "எங்க கொட்டகையிலயே வெச்சுக்கலாம்" என்றாள்.

மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார்: "ஏழு மணி இடைவேளையில பதினஞ்சு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூடக் கிடையாது."

மே மாத வெளிச்சம் இன்னும் மங்கவில்லை. பதினோரு பெண்கள் ஈரமான ரப்பர் ஏப்ரனோடு வந்து நின்றார்கள். டெலோரிஸ் அட்டையும் பேனாவுமாக ஓரமாக நின்றார். யெசேனியா இடுப்பைத் தளர்த்தி முட்டியை மடக்கிக் காட்டினாள். "என்னடி, டான்ஸா?" என்று ஒருத்தி சிரிக்க, "டான்ஸ்தான், பெட்டியோட டான்ஸ். வா, நீயே முதல்ல வா" என்று அவளையே இழுத்து நடுவில் நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவள் சொல்லச் சொல்ல, எல்லோரும் முட்டியை மடக்கினார்கள்; பெட்டியை வயிற்றோடு அணைத்து எழுந்தார்கள்; கடைசியில் இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தினார்கள்.

யெசேனியாவின் அம்மா ரெய்னாவுக்கு வலக்கை தோள் வரைக்கும்தான் எழுந்தது. யெசேனியா போய் முழங்கையைத் தாங்கி, மூச்சை விடச் சொல்லி, மெல்ல மெல்ல ஏற்றினாள். கை காதருகே போய் நின்றது. ரெய்னா அதைத் தன் கையில்லை என்பதுபோல் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, வலிக்குதா?"

"இல்லடி. இதுவா நீ முடிக்காம விட்ட பாடம்?"

"ஆமாம்மா."

"அஞ்சு வருஷமா என் பக்கத்துலயே நிக்கறியேடி! இத ஏன் கடைசியில வெச்ச?"

யெசேனியா டெலோரிஸைப் பார்த்தாள்.

"அவளக் கேக்காதீங்கம்மா. அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னது நான்தான்" என்றார் டெலோரிஸ்.

சொல்லிவிட்டு மதிப்பெண்ணை எழுதக் குனிந்தார். கண் நிறைந்து, எழுத வேண்டிய கட்டம் தெரியவில்லை. மேஸ்திரி மணியடித்தார். பெண்கள் பட்டையை நோக்கி நடந்தார்கள். ரெய்னா மட்டும் கையை இறக்காமலே போனாள்.