பழைய திறப்பு

சண்டைக் காலத்தில், முல்லைத்தீவில் நான் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, வெட்டிக்கொண்டிருந்தபோது, வாடகைக் கார்க்காரர் ஒருவரின் மனைவி வந்தார். பேசும்போதெல்லாம் கழுத்துச் செபமாலையின் சிலுவையைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்று பெற்றோல் கிடைக்காமல் சைக்கிளில் வவுனியாவுக்குப் போன கணவர் எட்டு மாதமாகத் திரும்பவில்லை. கார்த் திறப்பு அவருடைய பொக்கற்றில். இனித் தன் தம்பியைக் கார் ஓடவிட்டுத்தான் பிள்ளைகளுக்குச் சோறு.

"பூட்டை மாத்தினால் லேசு, அக்கா. பழைய திறப்புத்தான் பொருந்தாது."

"வேண்டாம். அவர் வந்து தன்ர காரைத் திறக்கேலாமல் நிக்கக்கூடாது."

பழைய பூட்டுக்கே இரண்டு நாள் புதுத் திறப்பொன்றை அராவினேன். எஞ்சின் பிடித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"அவரின்ர திறப்பும் வேலை செய்யும்தானே?"

"ஓம் அக்கா. பூட்டில கைவைக்கேல்லை."

அப்போதுதான் அழுதார்.

பூட்டை மாற்ற யார் வந்தாலும், பழைய திறப்பு யாரிடம் இருக்கிறது என்று இன்றும் கேட்கிறேன்.