சுவரில் ஒட்டியிருந்த ஜெர்மன் அஞ்சலட்டை

1955ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். தலவாக்கலையிலிருந்து நான்கு மைல் தள்ளி, திம்புள்ளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் ஐந்தாவது காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறைக்குள், குனிந்து நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு பழுப்பு அட்டையும் அதன் மூலையில் இருந்த சிவப்பு முத்திரையும்தான். வீட்டுக்கார அம்மாவைப் பார்த்தது அதற்குப் பிறகு.

அப்போது நான் ஹட்டனில் இருந்துகொண்டு ஒரு கொழும்புப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பி வந்தேன். போர்க்காலத்து ஜெர்மன் தபால்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. தபால்தலை சேர்ப்பவர்கள் தபால்தலையை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு உறையை எறிந்துவிடுவார்கள். எனக்கு உறைதான் வேண்டும். போர் தொடங்கிய காலத்தில் தியத்தலாவை முகாமில் ஜெர்மானியர்களை அடைத்து வைத்திருந்தார்கள் அல்லவா? அவர்களில் ஒருவருக்கு வந்த உறை ஒன்று, ஒரு பங்களாவைக் காலி செய்தபோது எனக்குக் கிடைத்தது. அதன் ஒரு ஓரத்தை ஜெர்மன் தணிக்கைக்காரர் வெட்டிப் படித்துவிட்டுத் தாள் ஒட்டி மூடியிருந்தார். மறு ஓரத்தை நம் பக்கத்துத் தணிக்கைக்காரர் வெட்டிப் படித்துவிட்டு ஒட்டியிருந்தார். ஒன்றின் மீது ஒன்று குண்டு போட்டுக்கொண்டிருந்த இரண்டு அரசாங்கங்கள், ஒரு தாய் மகனுக்கு எழுதியதை வரிசையில் நின்று படித்து, முத்திரை குத்தி, உரியவரிடம் சேர்த்திருக்கின்றன. எந்த வழியாக வந்தது, எத்தனை கைகள் மாறியது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அன்றைக்குப் பிடித்தது.

இந்த ஆசை ஹட்டனில் எல்லோருக்கும் தெரியும். லயம் லயமாகச் சேலை விற்கப் போகும் ஒரு முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுவோம், அவர்தான் என்னை அன்று அழைத்துப் போனவர்.

"இதுதானே தம்பி, ஒங்க ஜெர்மன் காயிதம்?" என்றார்.

அதுதான். போர்க்கைதிகளின் அஞ்சல் என்று ஜெர்மன் மொழியில் அச்சிட்ட அட்டை. தபால்தலை இல்லை, கைதிகளின் தபாலுக்கு அது தேவையில்லை. அனுப்பியவரின் கைதி எண், முகாமின் பெயர், படித்துப் பார்த்தோம் என்று சொல்லும் சிவப்பு முத்திரை, நம் பக்கத்துத் தணிக்கை முத்திரை, எல்லாம் வரிசையாக இருந்தன. வடக்கு ஜெர்மனியில், பிடிபட்ட வணிகக் கப்பல் ஆட்களை வைத்திருந்த முகாம் அது. அங்கிருந்து திம்புள்ளைத் தோட்டத்து லயத்துக்கு ஒரு அட்டை. என் தொகுப்பில் எந்தப் பக்கத்தில் இதை வைக்கலாம் என்று என் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. கையை நீட்டினேன்.

"அதத் தொடாதீங்க ஐயா. என் பேரு போட்டு வந்த கடுதாசி அது ஒண்ணுதான்."

திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா. நாற்பது வயது இருக்கும். வலது காலைச் சற்று இழுத்து நடந்தார்.

தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் பெரிய கங்காணியின் பெயருக்குத்தான் வரும். யாருக்குச் சேர வேண்டும் என்பது உள்ளே இருக்கும். இந்த அட்டையில் மட்டும் முதல் வரியிலேயே இந்த அம்மாவின் பெயர், இங்கிலீஷில், அழகான கையெழுத்தில். கணவர் கொழும்புத் துறைமுகத்துக்கு ஓடிப்போய், கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குச் சேர்ந்தவர். கப்பல் ஜெர்மானியரிடம் பிடிபட்ட பிறகு, முகாமில் இருந்த இங்கிலீஷ் தெரிந்த கூட்டாளி ஒருவர் முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறார். தோட்டத்து வழக்கம் அவருக்குத் தெரியாது. மனைவி பெயர் என்ன என்று கேட்டு அதையே எழுதிவிட்டார். இது என் பெயர் என்று தெரிந்ததும் இந்த அம்மா மாவுக் கூழ் காய்ச்சி, அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி சுவரில் ஒட்டிவிட்டார். கணவர் எழுதிய சேதி உள்பக்கம் போய்விட்டது.

மகளுக்குப் பதினேழு வயது. கூடைக் கயிற்றை முடிச்சுப் போட்டபடி சொன்னாள்: "அப்பா எழுதினத சுவத்துப் பக்கம் திருப்பி வச்சுட்டு, எங்கம்மா தன் பேரத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"ஆமாடி. கங்காணி பேரையா ஒட்டி வைக்கச் சொல்ற?"

கணவர் திரும்பவில்லை. அட்டை வந்த அடுத்த வருடமே மார்புச் சளியில் முகாமில் இறந்துவிட்டார். அந்தச் செய்தி கங்காணியின் பெயருக்கு வந்தது.

நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்து முத்திரைகளைப் பிரதி எடுக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா பேப்பர்காரருனு நானா சொன்னாரு. ஒரு சங்கதி கேக்கலாமுங்களா?" என்றார்.

பிரஜாவுரிமை விஷயம். தோட்டத் தொழிலாளர்கள் அதைப் பெற வேண்டுமானால், போருக்கு முன்பிருந்தே தொடர்ந்து இந்த நாட்டில் வசித்ததைக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் நாட்டில் இல்லாமல் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். முதல் விசாரணையில் அதிகாரி தோட்டத்துப் பெயர்ப் பதிவைப் புரட்டி, பதினான்கு மாதம் இவர் பெயர் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார். இந்தியாவுக்குப் போயிருந்தாயா என்று கேட்டிருக்கிறார்.

"நான் எங்கிட்டுங்க போனேன்? கொழுந்தோட, தண்ணி ஓடுற கானுல விழுந்து கால் ஒடிஞ்சு போச்சு. வேலைக்குப் போகல, பேர வெட்டிட்டாங்க. அக்கா காம்பராவுலதான் கெடந்தேன். அக்காவும் இப்ப ஊருக்குப் போயிட்டா. கடுதாசி இருந்தா கொண்டா, இல்லாட்டி தள்ளிருவோம்னு சொல்லிட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமதான் கடைசி. தள்ளிட்டா இவளையும் சேத்துல்ல இந்தியாவுக்கு அனுப்புவாங்க. எனக்கு அந்த ஊரு எந்தப் பக்கம்னே தெரியாதுங்க."

"எந்த வருஷம் கால் ஒடிஞ்சது?"

"நாப்பத்தி மூணு, தை மாசம். மறு வருஷம் பங்குனியிலதான் பேர் பதிஞ்சேன்."

என் பென்சில் அப்போது தலவாக்கலைத் தபால் முத்திரையில் இருந்தது. 1943 டிசம்பர் 9 என்று எழுதி முடித்திருந்தேன். அவர் பெயர் பதிவில் இல்லாத அந்தப் பதினான்கு மாதத்துக்குள் வரும் தேதி.

நானாவிடம் முத்திரையைக் காட்டினேன். அவர் இரண்டு தரம் படித்தார். "தங்கச்சி, நீங்க தேடுற காயிதம் பன்னெண்டு வருஷமா சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு," என்றார்.

படம் பிடித்துக் கொடுத்தால் போதுமா என்று யோசித்தேன். போதாது; அசலைத்தான் கேட்பார்கள். "அப்ப சுவரோட பேத்துத் தலையில வச்சுக்கிட்டுப் போவோமா?" என்றார் நானா. நான் எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன். அது எனக்குக் கைவந்த வேலை. ஒட்டிய தாள்களைப் பிரிப்பதற்கான மெல்லிய கத்தியும் பூதக்கண்ணாடியும் எப்போதும் என் பையில் இருக்கும்.

முதலில் நனைந்த பஞ்சால் முகவரியில் ஒரு எழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல நீலக்கறுப்பு மை, கரையவில்லை. முத்திரைகளும் அசையவில்லை. துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து அட்டையின்மேல் வைத்தேன். கொதிக்கும் தேநீர்க் கேத்தலில் இருந்து ஆவி காட்டினேன். கால் மணிக்கு ஒருமுறை ஓரத்தில் கத்தியை நுழைத்தேன். முக்கால் மணி நேரத்தில் கிழிசல் இல்லாமல் அட்டை முழுதாகக் கையில் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஏறக்குறைய முழுவதும் ஊதா நிறமாக இருந்தது.

முகவரியைப் பேனாவால் எழுதியவர் கூட்டாளி. உள்ளே எழுதியவர் கணவர். அவர் எழுதியது காப்பி பென்சிலால். உலர்ந்திருக்கும்வரை சாதாரணப் பென்சில் போலவே இருக்கும். தண்ணீர் பட்டால் ஊதா மையாகக் கரைந்துவிடும். கைதிகள் பலர் அதில்தான் எழுதினார்கள். என் வீட்டுப் பெட்டியிலேயே அப்படி மூன்று கடிதங்கள் இருந்தன. அட்டையின் ஒரு பக்கத்தைச் சோதித்தவன், மறுபக்கத்தை வேறொருவர் எழுதியிருப்பார் என்று நினைக்கவில்லை.

அந்த அம்மா அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளு இருந்துச்சு," என்றார். அவ்வளவுதான்.

மகள்தான் சுவரைப் பார்த்தாள். "ஐயா, இங்கிட்டு ஏதோ இருக்குங்க."

அட்டை இருந்த இடத்தில், சுண்ணாம்பின்மேல் ஊதா நிறத்தில் எழுத்துகள் பதிந்திருந்தன. தலைகீழ் இல்லை, இடம்வலம் மாறிய எழுத்துகள். காப்பி பென்சில் என்று பெயர் வந்ததே அதற்காகத்தான். ஈரத் தாளை அழுத்தினால் அது இன்னொரு பிரதி தரும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு கூழின் ஈரத்தில் ஒட்டியபோதே அது பதிந்திருக்க வேண்டும். மகள் பொட்டு வைக்கும் கண்ணாடியை எடுத்து வந்து பிடித்தாள். கூழ் கட்டியாக இருந்த இடங்களில் ஒன்றும் தெரியவில்லை. நடுவில் நான்கு வரி தெரிந்தது. உரக்கப் படித்தேன்.

உன் கால் எப்படி இருக்கிறது. ஊன்றி நடக்கிறாயா. கங்காணி கூப்பிட்டாலும் அவசரப்பட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாதே. எலும்பு கூடட்டும்.

அந்த அம்மா அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். கால் முறிந்த செய்தியைக் கங்காணிதான் கப்பல் கம்பெனி மூலம் எழுதிப் போட்டாராம். பதில் வந்தபோது படித்துச் சொன்னவரும் அவரே.

"நல்லா இருக்கேன், கவலப்படாதேன்னு எழுதியிருக்கான்னுதான் சொன்னாரு. இத படிக்கலையே."

"எப்படிப் படிப்பாரு? படிச்சா அவருக்கு மலையில ஒரு ஆளு கொறையுமே," என்றார் நானா.

"ரெண்டு தரம் ஆளனுப்பி வேலைக்குக் கூப்புட்டாரு. ரெண்டு தரமும் போயிட்டுத் திரும்பி வந்தேன். பதிவு போடல." அவர் காலைத் தடவிக்கொண்டே இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. மூன்றாவது முறை நான் படிக்கும்போது அவரும் கூடவே சொன்னார்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு நானும் போனேன். அதிகாரி நடுத்தர வயதுச் சிங்களவர், நிதானமான மனிதர். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். அதிகாரி அட்டையின் முகவரியைப் படித்தார், தேதியைப் படித்தார், தலையசைத்தார். பிறகு திருப்பினார்.

அவர் முகம் மாறியது. ஒரு பக்கம் பளிச்சென்று இருக்கிறது, மறுபக்கம் கழுவி வைத்தது போல இருக்கிறது. இதில் என்ன இருந்தது, ஏன் அழித்தீர்கள் என்று கேட்டார். கணவர் வேறு ஊர் பெயர் ஏதாவது எழுதியிருந்தாரா? இந்தியாவிலிருந்து எழுதிய கடிதத்துக்குப் பதிலா?

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். எழுந்து நின்று, அழித்தது நான் என்று சொன்னேன். என் தொழில், என் பொழுதுபோக்கு, துணி, கேத்தல், பென்சில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே கட்டுக்கதை போலக் கேட்டது.

அதிகாரி என்னை வெளியே போகச் சொன்னார். உள்ளே பேசியதை வாசலில் நின்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளர், "இதில் என்ன எழுதியிருந்தது, உனக்குத் தெரியுமா?" என்றார்.

அந்த அம்மாவின் குரல் தடங்கல் இல்லாமல் வந்தது. நான்கு வரியையும் எழுத்துத் தமிழிலேயே, கணவர் எழுதியபடியே சொன்னார். அதற்குப் பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார்கள். என் குறிப்புப் புத்தகத்தில் அன்றே எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். மொழிபெயர்ப்பாளர் படித்து, இரண்டும் ஒன்றுதான் என்றார். அதிகாரி என் பூதக்கண்ணாடியை வாங்கி, ஊதாக் கறையை வெகுநேரம் பார்த்தார். ஓரத்தில் கரையாமல் மிஞ்சியிருந்த ஒரே சொல்லை விரலால் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"கால்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அதிகாரி மேசைக்கு மேலாக எட்டி, அந்த அம்மாவின் காலைப் பார்த்தார். பேனாவை எடுத்துக் கோப்பில் நான்கைந்து வரி எழுதினார். அட்டை கோப்பிலேயே இருக்க வேண்டும், திருப்பித் தர முடியாது என்றார். அந்த அம்மா ஒருமுறை வாங்கிப் பெயர் இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். என் வாழ்நாளில் கையில் பிடித்ததிலேயே சிறந்த அட்டை அதுதான். அதைக் கோப்பில் குத்தி மூடியபோது நான் அதைக் கேட்கவும் நினைக்கவில்லை.

இன்றும் தபால்கள் சேர்க்கிறேன். கையில் வரும் எந்தத் தாளையும் திருப்பிப் பார்க்காமல் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடுவதில்லை. எனக்கு அக்கறை இருந்தது, திறமையும் இருந்தது. இருந்தும் ஒரு குடும்பத்தை நாடு கடத்தும் அளவுக்குப் போய்விட்டேன் என்பதை அந்தச் சமயங்களில் நினைத்துக்கொள்கிறேன்.

பிரஜாவுரிமைச் சான்றிதழ் மறு வருடம் மாசி மாதம் வந்தது. மகளின் பெயரும் அதில் இருந்தது.